ஜன்னலுக்கு வெளியே கீரை நின்றது

என் வலது காலிலிருந்து செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. சக்கரவள்ளிக் கொடிகளுக்குள் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். செருப்பு பின்னால் தனியாகக் கிடந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளங்காலில் தொட்டாற்சிணுங்கி முள் இரண்டு ஏறியிருந்தது. பிடுங்கினேன். வலிக்கவில்லை.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கர்ப்பத்தில் கால் மரத்துப்போவது வழக்கம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தக் கால் எதைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது தெரிய இன்னும் நான்கு மாதம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைப் பிள்ளை பெற்று அறைக்குள் படுத்திருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். அவர்களுக்குச் சோறு கொண்டுவந்து வைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஆறுதலைத் தேடி இதைப் படிக்க வேண்டாம். என்னிடம் அது இல்லை.

என் கணவர் முனிசிபல் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால், அலுவலகம் கொடுத்த சிறிய வீட்டில் குடியிருந்தோம். யுத்தத்துக்கு முன் வாசலில் புல்லும், இரண்டு ரோஜாவும், ஒரு வரிசை கல்வாழையும் இருந்தன. வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் கணவரின் அக்கா கண்ணம்மா. வயது நாற்பது. குழந்தை இல்லை. அவருடைய கணவர் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவர், ஆகாய விமானத்தைப் பார்க்கத் தெருவில் நின்ற கூட்டத்தோடு நின்று, முதல் நாள் குண்டிலேயே போய்விட்டார். அதன் பிறகு அக்கா எங்களோடுதான். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் உணவுப் பயிர் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லோரையும் போல நாங்களும் புல்லைக் கொத்திவிட்டு மரவள்ளி நட்டோம். இரண்டு முறை கிழங்கு எடுத்தோம். இரண்டாவது முறை கிழங்கு விரல் பருமன்தான் இருந்தது. மண் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி முழுக்கக் கொத்த என் கணவருக்கு நேரமில்லை. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம், குனிய முடியவில்லை.

அதனால்தான் வேறு வகைச் செடிகளை முயன்று பார்த்தேன். ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் நின்று தரும் செடிகள், தரையை மூடிப் படர்ந்து களையையும் வெயிலையும் தானே பார்த்துக்கொள்ளும் கொடிகள் - இவைதான் எனக்கு வேண்டியிருந்தன. விதை எங்கும் கிடைக்காத காலம். ஆனால் குச்சிக்கும் கொடித்துண்டுக்கும் பஞ்சமில்லை.

அடுத்த வீட்டு பாத்திமா பீவி வேலிக்கு மேலே ஒரு கட்டுக் குச்சியை நீட்டினார். அவருடைய வாப்பா நாகூர்க்காரர், தாய் மலாய்க்காரர். நாங்கள் அறியாத இலைகளெல்லாம் அவருக்குத் தெரியும்.

"சேக்கூர் மானிஸ். ஒடிச்சு மண்ணுல குத்து, அவ்ளோதான்லா. ஒடிக்க ஒடிக்கத் துளுக்கும். நீ செத்தாலும் அது சாவாது" என்று சிரித்தார்.

பங்குனி வெயில் முடிந்து சித்திரை மழை தொடங்கியதும் நட்டேன். வேலியோரம் சேக்கூர் மானிஸ் கீரை. பழைய ரோஜாப் பந்தலில் சிறகவரை, அதாவது நான்கு பக்கமும் சிறகு போல விளிம்பு வைத்த அவரை. கொடி காய்ந்தாலும் கிழங்கிலிருந்து மறுபடி வரும். வெறும் மண்ணை மூட சக்கரவள்ளி. கிணற்றடி ஈரத்தில் வல்லாரை. மாமரத்து நிழலில் வேறெதுவும் வராது என்பதால், வெற்றிலை மாதிரி இலை விடும் காடோக். பொன்னாங்கண்ணியும் வைத்தேன், நத்தை தின்றுவிட்டது. பீவி கொடுத்த ஒரு கைப்பிடி நிலக்கடலையைப் போட்டேன், எலி தோண்டிவிட்டது. வல்லாரை முதலில் கருகி, இரண்டாம் மழையில் தானாகத் திரும்பி வந்தது.

அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஊரே கிழங்குக்கு வரிசையில் நின்றபோது, காலையில் எழுந்து எந்தக் கணுவில் புதிதாக வேர் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு ஒரு வேலையாக இருந்தது. ஆடி மாதத்தில் வீட்டைச் சுற்றி மண்ணே தெரியவில்லை. பந்தலில் சிறகவரை கொத்துக்கொத்தாகத் தொங்கியது.

அதில் எதையும் நான் அதிகம் சாப்பிடவில்லை. வாயும் வயிறுமாக இருப்பவள் கண்ட கீரையையும் தின்னக்கூடாது என்றார் அக்கா. பங்கீட்டில் கிடைத்த கொஞ்சம் அரிசியை எனக்கு வடித்துப் போட்டுவிட்டு, அவரும் என் கணவரும் கிழங்கையும் கீரையையும் அவரையையும் தின்றார்கள். அதற்காக நான் அவர்கள் இருவரையும் நினைத்து உருகியிருக்கிறேன்.

ஆவணியில் பிள்ளை பிறந்தது. பெண். கோமதி என்று பெயர் வைத்தோம்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், என் கணவர் ஒரு சாக்குப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் விரலில் கல்யாண மோதிரம் இல்லை. பையைப் பிரித்து ஒரு கை அள்ளி என் கண் முன்னால் பிடித்தார்.

"சயாம் அரிசி. ஒரு கல்லு, ஒரு கறுப்பு கெடையாது பாரு. நல்லாத் தீட்டினது. ஒனக்கு மட்டுந்தான், லெட்சுமி. வீட்ல வேற யாரும் தொடக்கூடாது."

மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது அரிசி. பங்கீட்டில் வந்ததோ சுண்ணாம்பு கலந்து பழுத்த நொய். இரண்டு வருடமாக அப்படி ஓர் அரிசியை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. நான் அழுதுவிட்டேன்.

அக்கா அந்த அரிசியை நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுவார். கழுவிய தண்ணீர் தெளியும்வரை விடமாட்டார். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியைச் சுத்தமாக வடித்துக் கொட்டுவார். குடித்தால் எனக்குச் சளி பிடிக்கும், பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும் என்று பயம். சோற்றோடு மிளகு ரசம், சுட்ட பூண்டு, ஒரு துண்டுக் கருவாடு. இவ்வளவுதான் பத்தியம். அவரை வாயு. சக்கரவள்ளி வாயு. கீரை பிள்ளைக்குப் பச்சையாய்ப் போகும். நாற்பது நாளில் விடவேண்டிய பத்தியத்தை, முதல் பிள்ளை என்பதால் தொண்ணூறு நாளுக்கு நீட்டினார்.

என் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் பந்தல் தெரியும். ஒருநாள் ஆசை தாங்காமல் கேட்டேன்.

"அக்கா, அந்த அவரைக்காயில நாலு மட்டும் வதக்கித் தர்றீங்களா? முத்திப்போவுது."

"வாயக் கட்டுடி. நீ திங்கறது நாக்குக்கு, அது அனுபவிக்கறது பச்சப் புள்ள. வயிறு உப்பி ராத்திரி பூரா அது கத்தணுமா? இன்னும் கொஞ்ச நாளு. அப்பறம் பந்தலோட தின்னு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே என் கால்களை மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே அவர் கை எங்கே இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதையும் சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்.

கோமதி கொழுகொழுவென்று இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் இந்தப் பஞ்சத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றார்கள். அக்கா அவள் கன்னத்திலும் காலிலும் மையால் பொட்டு வைப்பார். அது சதை இல்லை, நீர் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வீக்கத்தில் பிள்ளையின் முகம் வெளுத்து, பளபளவென்று அழகாகக்கூட இருக்கும். இதைப் படிப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில், எண்பத்து நான்காம் நாள், பாலைக் கக்க ஆரம்பித்தாள். மறுநாள் குரல் கம்மியது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டார். அதற்கு மறுநாள் விடிந்து, என் கணவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். நான் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை வாயை முழுக்கத் திறந்து, முகம் சிவந்து, கைகால் விறைத்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை.

எவ்வளவு நேரமாக அப்படி அழுதுகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் உதடு நீலமானது. தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மூச்சு வேகமாக, மிக வேகமாக வந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. டாக்டர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நடுவயது, கழுத்துப்பட்டை கிழிந்த சட்டை. ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் நெஞ்சில் நீண்ட நேரம் வைத்திருந்தார்.

"பிள்ளை போயிட்டுது, அம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் கணுக்காலைப் பார்த்தார். "நீங்கள் ஒருக்காக் குந்தி எழும்புங்கோ, பாப்பம்."

பிள்ளை இன்னும் என் கையில் இருந்தாள். அந்த மனிதரை அந்த நேரம் நான் வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை. அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் குந்தினேன். எழ முடியவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றியும் முடியவில்லை. என் கணவர்தான் தூக்கி நிறுத்தினார்.

டாக்டர் என் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். மாவில் அழுத்தியதுபோல் குழி அப்படியே நின்றது. பெஞ்சில் உட்காரவைத்து, ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை.

"பிள்ளைப்பெத்துக்குப் பிறகு என்ன சாப்பிட்டனீங்கள்? ஒண்டும் ஒளிக்காமச் சொல்லுங்கோ."

அக்காதான் சொன்னார். பெருமையாகவே சொன்னார். தீட்டிய சயாம் அரிசி. நாலு தண்ணீர். வடித்த சோறு. ரசம், பூண்டு, கருவாடு.

"வேற?"

"வேற ஒண்ணும் குடுக்கல டாக்டர். பத்தியம் தவறவே இல்ல."

"கீரை, பயறு, அவரை?"

"ஐயோ, பச்சப் புள்ளக்காரிக்கா?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டில தோட்டம் ஏதும் இருக்கோ?"

"இருக்கு."

"என்ன நிக்குது?"

சொன்னேன். சேக்கூர் மானிஸ், சிறகவரை, சக்கரவள்ளி, வல்லாரை, காடோக். எழுதிக்கொண்டே வந்தவர், சிறகவரை என்றபோது பேனாவை நிறுத்தினார். மீதியை எழுதவில்லை.

என் கணவர் கேட்டார்: "அரிசிதானா டாக்டர்? நான் வாங்கின அரிசியா?"

"அரிசி மட்டுமில்லை" என்றார். நோயின் பெயரைச் சொன்னார். பெரிபெரி (உணவில் பி உயிர்ச்சத்து இல்லாததால் நரம்பும் இதயமும் தளர்ந்துபோகும் நோய்). அந்தச் சத்து அரிசியின் தவிட்டில் இருக்கிறது. தீட்டினால் போகிறது. கழுவினால் போகிறது. வடித்தால் மிச்சமும் போகிறது. "அம்மாவின்ர உடம்பில இல்லாதது பாலில வராது. இவ இருந்த கொஞ்சத்தையும் பிள்ளைக்குக் குடுத்திட்டா. அது போதாமப் போச்சு."

நான் கொடுத்த பால் என்பதைத் தவிர அவர் சொன்ன எதுவும் அன்று என் காதில் ஏறவில்லை.

கோமதியை அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். என்னைப் போகவிடவில்லை.

பிறகு என் உடம்பு கெட்டது. வீக்கம் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தால் நெஞ்சு, ஓடி வந்ததுபோல் அடித்துக்கொள்ளும். பால் மட்டும் வற்றவில்லை. துணியைக் கிழித்து மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அது நனைந்தபோதெல்லாம் கொதிக்கிற வெந்நீரில் கையை விட்டதுபோல் துடித்தேன்.

டாக்டரிடம் ஊசி இல்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. கீரையையும் முற்றிய அவரை விதையையும் தின்னச் சொல்லியிருந்தார். கச்சான் (நிலக்கடலை) கிடைத்தால் அதுவும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தவிடு. தினமும் இரண்டு கைப்பிடி, கஞ்சியாக.

நான் எதையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரம், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன். பந்தலில் காய்கள் முற்றி, சிறகு காய்ந்து, விதை தெரிந்தது. என் பிள்ளைக்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு தொண்ணூறு நாளும் அது அங்கேயே நின்றிருக்கிறது. கொடியைக் கையில் சுற்றி இழுத்தேன். விரலில் பிடி இல்லை. பல்லால் கடித்து இழுத்தேன். இரண்டு கொடி அறுந்தது. அதற்குள் மூச்சு நின்றுபோய், சக்கரவள்ளிக்குள் விழுந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாத்திமா பீவிதான் பார்த்தார். வந்து தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது என்னம்மா செய்யும்? செடிக்கு நடந்து வரக் காலா இருக்கு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரும் அழுதார்.

அன்றிலிருந்து அக்கா எதிர்க்கரையிலிருக்கும் பட்டர்வொர்த்துக்குப் படகேறிப் போகத் தொடங்கினார். அங்கே நெல் குத்தும் இடத்தில், வாத்துக்கும் பன்றிக்கும் தவிடு வாங்க நிற்பவர்களோடு நின்று வாங்கி வருவார். தவிடு மூன்று நாளில் காறிப்போகும். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை போவார். சலித்து, வறுத்து, கூழாக்கி, சேக்கூர் மானிஸ் இலையைக் கிள்ளிப் போட்டு, என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்.

முதல் கிண்ணத்தை அவர் மேலேயே கொட்டினேன்.

"தொண்ணூறு நாளு கேட்டேன். குடுத்தீங்களா? இப்ப எதுக்கு?"

அவர் சேலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மீதியை ஊற்றிக்கொண்டு வந்து, அதே இடத்தில் வைத்தார்.

மறுநாள் அதைக் குடித்தேன். மனம் மாறியதால் அல்ல. அன்று விடியலில் மூச்சு கிடைக்காமல் விழித்தேன். அந்த நிமிடம் எனக்குப் பிள்ளை ஞாபகம் இல்லை, ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒரு மூச்சு மட்டும் வேண்டியிருந்தது. என் உடம்புக்கு வெட்கம் கிடையாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் உடம்பு, இன்னும் வாழ்ந்தால் போதும் என்று கைநீட்டுகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் இதற்காகத் தங்களைத் திட்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டேதான் குடித்தேன்.

தவிட்டுக் கூழ் மண்ணும் எண்ணெயும் கலந்ததுபோல் இருக்கும். தொண்டையில் ஒட்டும். கீரையின் சிறு இனிப்பு மட்டும்தான் அதை உள்ளே தள்ளும். அவரை விதையைப் பீவி வறுத்து இடித்துத் தருவார். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அதுதான்.

இரண்டாம் நாள் நிற்காமல் சிறுநீர் போனது. மூன்றாம் நாள் தொடை வற்றியது. நான்காம் நாள் என் கணுக்கால் எலும்பு எனக்கே தெரிந்தது. மல்லாந்து படுத்துத் தூங்கினேன்.

நான்கு நாள். இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மாதக்கணக்கில் போராடி மீண்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு கைப்பிடி தவிடும், என் வேலியோரத்து இலையும், நான்கு நாளும் போதுமானவையாக இருந்தன.

டாக்டரிடம் மறுபடி போனபோது அதைக் கேட்டேன். "புள்ளைக்கு எவ்வளவு நாள் ஆகியிருக்கும்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை அறிஞ்சு என்ன செய்யப் போறீங்கள்?"

"சொல்லுங்க டாக்டர்."

"ஊசி இருந்திருந்தா, ரெண்டு மூண்டு மணித்தியாலம்" என்றார். "போன கிழமை இன்னுமொரு பிள்ளை. அதுக்கு முதல் ரெண்டு. எல்லாம் நல்ல வீட்டுப் பிள்ளையள்தான். தாய்மாருக்கு நல்ல அரிசி வாங்கிக் குடுத்த வீடுகள்."

வறுமையால் நேர்ந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட எங்களுக்கு வழியில்லை. வீட்டிலேயே நல்ல சாப்பாடு சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். கிழங்கும் கீரையும் தின்ற மற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யுத்தத்தைக் குறை சொல்வேன், ஜப்பான்காரனைக் குறை சொல்வேன், அதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த அரிசியை யாரும் எங்கள் வாயில் திணிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கினோம்.

என் கணவர் அதற்குப் பிறகு அரிசி வாங்கக் கடைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தலுக்குப் புதுக் கம்பு நட்டு, நான் அறுத்த கொடியின் அடிக்கிழங்குக்கு மண் அணைத்தார். அது மறுபடி வந்தது. வரத்தானே செய்யும். அதற்காகத்தான் அந்தச் செடியை வைத்தேன்.

நெஞ்சு நான்கு நாளில் சரியானது. நரம்புக்கு அப்படி அவசரம் எதுவும் இல்லை. நரம்பு அழற்சி (நரம்புகள் கெட்டு உணர்வும் பலமும் மங்குவது) மெதுவாகத்தான் தணியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முதலில் முழங்கால் திரும்பியது. குந்தி எழ ஐந்து மாதம் ஆனது. பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல், தரையைத் தட்டித் தட்டி நடந்தேன். சுடுகிறதா, குளிர்கிறதா என்று தெரியாமல் இரண்டு முறை காலைச் சுட்டுக்கொண்டேன். திரும்பிவரும் உணர்வு முதலில் எரிச்சலாகத்தான் வரும். எரிகிறதே என்று பயப்படாதீர்கள். எரியாத இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

யுத்தம் முடிந்தது. கப்பலில் அரிசி வந்தது. மார்க்கெட் தெருக் கடைகளில் மூட்டையைத் திறந்து வைத்திருந்தார்கள். சனங்கள் கையை விட்டு அளைந்து அளைந்து பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒருத்தி முகத்தில் அப்பிக்கொண்டு சிரித்தாள். நான் அந்தத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இன்றும் எங்கள் வரிசையில் பிள்ளை பிறந்த வீடுகளில் நாலு தண்ணீர் மாற்றித்தான் கழுவுகிறார்கள். நான் போய்ச் சொல்வதுண்டு. கஞ்சியைக் கொட்டாதீர்கள், கீரை கொடுங்கள், வேலியோரம் இரண்டு குச்சியாவது குத்திவையுங்கள் என்பேன். பிள்ளையைத் தின்றவள் பத்தியம் சொல்ல வந்துவிட்டாள் என்று ஒரு வீட்டில் என் காதுபடச் சொன்னார்கள். இரண்டு வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். சொல்வதை நான் நிறுத்தவில்லை.

மூன்று மாதம் என்பதை இப்போது என்னால் மற்றவர்கள் போல் சொல்ல முடிவதில்லை. மூன்று மாதத்தில் ஒரு கொடி பந்தலேறிக் காய்க்கிறது. மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குமேல் வரும் நாட்களெல்லாம் எனக்கு ஒரே அளவுதான். ஒரு வருடமா, ஐந்து வருடமா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

அக்காவும் நானும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. போன மாதம் ஒரு மத்தியானம், இரண்டு பேரும் முறத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"லெட்சுமி. நாந்தானாடி?"

இல்லை என்று சொல்வேன் என அவர் எதிர்பார்த்தார். அவர் கை நின்றுவிட்டது. அவருக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. எனக்காக அவர் எத்தனை முறை படகேறினார் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை அவரும்தான் மடியில் போட்டு வளர்த்தார் என்று தெரியும். இல்லைக்கா என்பது எவ்வளவு சிறிய வார்த்தை என்றும் தெரியும். அது என் வாயில் வரவில்லை.

"நீங்களுந்தான்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மறுபடி ஆயத் தொடங்கினார். நானும் ஆய்ந்தேன். என் விரல் நுனிகளுக்கு இன்னும் காம்பு எது, இலை எது என்று தெரியாது. ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் கிள்ள வேண்டும். என் பக்கத்துக் குவியல் மெதுவாகத்தான் குறையும். அக்கா தன் பங்கை முடித்துவிட்டு, என் பங்கில் கை வைக்காமல், உட்கார்ந்திருந்தார்.